நான்காம் ஞாயிறும் ஒரு பொரிவிளங்காயும்

கார்த்திகை தளர்ந்து மார்கழி தலைகாட்டும் நாட்களில் சங்கரன்கோவிலின் மேல் வானம் தாழ்ந்து வந்து நிற்கும். மேற்கே மலைத்தொடர் முகிலுக்குள் முகம் மறைத்துக்கொள்ளும். கரிசல் நிலம் குடித்த நீரை வெளிவிடாமல் கறுத்துக் கனத்துக் கிடக்கும். பிச்சிக்கொடியில் மொட்டுகள் குளிருக்குக் கூம்பி, விரியும் வேளையைத் தாமே குறித்துக்கொள்ளாமல் காத்திருக்கும். விசைத்தறிகளின் ஓசைகூட ஈரக்காற்றில் நனைந்து, எங்கோ தொலைவில் நடப்பதுபோல் கேட்கும். இப்பருவத்தில்தான் திருச்சபை தன் பீடத்துக்கு ஊதா உடுத்துகிறது. பாட்டில் களிப்பைக் குறைத்து ஏக்கத்தைக் கூட்டுகிறது. நான்கு மெழுகுவர்த்திகளை வட்டமாக நிறுத்தி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றி, வருகிறவருக்காக வழிபார்த்து நிற்கிறது. அவர் வருவார் என்பதில் ஐயமில்லை. எப்போது, எவ்வழியாக என்பதை அவரே அறிவார். அறியாதவர் வாய்மூடி அமைந்திருக்க வேண்டும் என்பதே திருவருகைக் காலத்தின் ஒழுக்கம்.

அவ்வொழுக்கத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒருவர் அவ்வூர்ச் சபையில் இருந்தார். பெயர் ஞானாபரணம்.

பூச்சந்தையில் ஏலம் கூறுவது அவர் தொழில். அவர் 'மல்லி' என்று குரலெடுத்தால், பேருந்து நிலையத்தில் புளியங்குடி வண்டிக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆலயத்தில் பாடற்குழுவுக்கு முன்னின்று பாடுபவரும் அவரே. நீண்ட ஜெபங்களுக்கு உரியவரும் அவரே. தேவன் தந்த குரலைத் தேவனுக்கே திருப்பித் தருவதில் அவர் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

வீட்டு ஜெபத்திலும் அப்படியே. "ஆண்டவரே, என் மகள் பெனிட்டாவுக்கு ஏற்ற துணையை அருளும்" என்று தொடங்குவார். அவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் அது விண்ணப்பமாக இருந்திருக்கும். அவரோ மேலும் போவார். மணமகன் தம்மைவிட உயரமாக இருக்க வேண்டும். அரசு உத்தியோகம் வேண்டும். கணீரென்று பாட வேண்டும். இரண்டு பேருந்து மாறிப் போகும் ஊராக இருக்கக் கூடாது. மாமியார் சாதுவாக இருப்பது நலம். சர்வவல்லவருக்குத் திட்டம் எதுவும் கைவசம் இல்லை என்றும், ஞானாபரணம் ஒன்று வரைந்து கொடுத்தால் கையெழுத்திடக் காத்திருக்கிறார் என்றும் கேட்பவர் எண்ணுவர். அவர் மனைவி கிருபாவதி நடுநடுவே "ஆமென்" சொல்லிப் பார்ப்பாள். அது மழைவெள்ளத்துக்கு முறத்தால் அணை கட்டுவது போன்றது.

பெனிட்டா அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர், முப்பதை நெருங்கியவள். அவளைப் பெண்பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பெண்ணைப் பார்த்துவிட்டு, தகப்பனைக் கேட்டுவிட்டு, போய்விட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர்களிடம், அவர்கள் ஆலயத்தில் கீர்த்தனைகளை விரைந்து பாடிக் கெடுக்கிறார்கள் என்று ஞானாபரணம் எடுத்துரைத்தார். எப்படிப் பாட வேண்டும் என்றும் பாடிக் காட்டினார். காபி ஆறியது, சம்பந்தமும் ஆறியது. அடுத்து வந்தவர்கள் "பிள்ளைக்குச் சமையல் வருமா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார்கள். மகளின் அருமை பெருமைகளைச் சொல்லத் தொடங்கியவர், சொல்லச் சொல்லத் தொழிற்குரல் ஏறி, முடிவில் உள்ளங்கையில் குத்தி, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று முழங்கிவிட்டார். மூன்றாம் தரத்துக்குள் அவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை சிரித்துக் கடந்தவள், அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அப்பா, இனி யாராவது வந்தா நீங்க பேசாம இருக்கணும். ஒரே ஒரு நாள். உங்களால முடியுமா?"

"முடியாம என்னட்டி? பேசாம இருக்கதோட மகிமையைப் பத்தி நான் ஒரு மணி நேரம் பேசுவேன், கேக்கியா?"

பெனிட்டா கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் இன்னொரு பேச்சு வந்தது. சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணன் கொண்டுவந்தது. "மேலநீலிதநல்லூர்ல தோட்டக்கலை ஆபீசுல ஒரு பையன் இருக்கான், அண்ணாச்சி. ஆசீர்னு பேரு. உங்க வேதக்காரப் பிள்ளைதான். தங்கமான பையன்." ஆனால் அவர்கள் வருகிறோம் வருகிறோம் என்றார்களே தவிர வரவில்லை. ஞானாபரணம் அதையும் ஜெபத்தில் சேர்த்து, ஆண்டவருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

இவ்வாறிருக்க, திருவருகையின் முதல் ஞாயிறு வந்தது.

அதற்கு முந்தின நாள் முகூர்த்தநாள். மழையில் வரத்து குறைந்து பூ பொன்னாகிவிட்டிருந்தது. ஞானாபரணம் சாரலில் நனைந்தபடி காலை முழுதும் கூவித் தீர்த்தார். மறுநாள் ஆலயத்தில், நம்பிக்கையைக் குறிக்கும் முதல் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது. ஜெபிக்க அவர் எழுந்தார், மார்பை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார். துருப்பிடித்த வாயிற்கதவு திறப்பதுபோல் ஓர் ஒலி வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

மைக்தான் கெட்டுவிட்டது என்று சபையார் அனைவரும் நம்பினர். ஒருவர் ஒலிபெருக்கியைத் தட்டினார். ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை போனார். கோளாறு ஞானாபரணத்தின் தொண்டையில் என்று அறிந்தபோது ஆலயத்தில் எழுந்த அமைதி, அங்கே அதற்குமுன் எந்த ஆராதனையிலும் வாய்த்ததில்லை.

கடையநல்லூர்க்காரரான மருத்துவர் ரிஸானா, விளக்குப் பொருத்திய குழாயை வைத்து அவர் தொண்டையைப் பார்த்தார்.

"குரல்நாண் புண்ணாகி வீங்கிக் கிடக்கு, அண்ணாச்சி. இனி ஏலம் கூடாது, பாட்டு கூடாது, பேச்சே கூடாது."

ஞானாபரணம் கிருபாவதியின் காதருகே குனிந்து ஏதோ சொல்லப் போனார்.

"கிசுகிசுக்கவும் கூடாது! அது இன்னும் கெடுதல். தலையை மட்டும் ஆட்டுங்க. இன்ஷா அல்லாஹ், கிறிஸ்மஸுக்குள்ள சரியாயிரும். சொன்னதை மீறிப் பேசுனீங்கன்னா, அப்புறம் பேசவே முடியாமப் போயிரும்."

தலை ஆடியது. மனம் ஆடவில்லை. ஆலயத்தில் எழுந்து நின்று தம்மைத் துதிக்கப்போன ஒருவனின் தொண்டையை, அதுவும் திருவருகைக் காலத்தில், ஆண்டவர் அடைப்பதன் நியாயம் அவருக்கு விளங்கவில்லை. உள்ளுக்குள் நெடியதொரு முறையீட்டைத் தயாரித்தார். அதைச் சொல்லவும் குரல் இல்லை.

சந்தையில் அவருக்குப் பதில் இன்னொருவர் ஏலம் கூறினார். அந்த மெல்லிய குரலில் வியாபாரிகளுக்கு ஊக்கம் பிறக்கவில்லை. நாய்கள் மட்டும் முதன்முறையாகச் சந்தைக்குள் நிம்மதியாக உறங்கின. வீட்டில் பெனிட்டா ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். அது உதவவில்லை. அவர் எழுதுவதும் பேசுவதைப் போலவே இருந்தது. முன்னுரை முடிவதற்குள் பலகை நிறைந்துவிடும். அழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருந்தவர் போயிருப்பார்.

குருவானவர் நலம் விசாரிக்க வந்தார். "இதிலயும் ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும், ஞானாபரணம். இவ்வளவு காலம் நீங்க சொன்னீங்க, அவர் கேட்டாரு. இப்ப அவர் சொல்லட்டும், நீங்க கேளுங்க" என்றார். ஞானாபரணம் சிலேட்டில் மறுப்புரை எழுதத் தொடங்கினார். குருவானவர் இரண்டாம் பலகை வரைக்கும் இருந்தார், பொறுமையாளர்.

இவற்றினும் பெரிய மாற்றம் வீட்டு ஜெபத்தில் நிகழ்ந்தது. குடும்பத் தலைவர் வாய்மூடியதால் கிருபாவதி ஜெபிக்க வேண்டியதாயிற்று. மணவாழ்வில் முதன்முறையாக அவள் ஜெபத்தை அவர் கேட்டார்.

"ஆண்டவரே, எங்களுக்கு எது நல்லதுன்னு உமக்குத் தெரியும். பெனிட்டாவுக்கு வழி காட்டும். இவியளுக்குத் தொண்டையைத் திருப்பிக் குடும். ஆனா அவசரமில்ல. ஆமென்."

அவர் விழிகளைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அவள் விழிகளை மூடியபடி, சிரிப்பில் வாய் கோணாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் மெழுகுவர்த்தி ஏறியது, மூன்றாவதும் ஏறியது. அந்த வாரத்தில் மாரிக்கண்ணன் ஓட்டமும் நடையுமாக வந்தான். கிறிஸ்துமசுக்காகக் கிருபாவதி முன்கூட்டியே மாவும் வெல்லப்பாகுமாக உருட்டிவைத்திருந்த பொரிவிளங்காயில் ஒன்றை எடுத்துக் கடித்தான். கடிபடாமல் கையில் வைத்துக்கொண்டான்.

"மதினி, இதை வச்சுச் செவரு இடிக்கலாம் போலுக்கே! சரி, சேதி கேளுங்க. மேலநீலிதநல்லூர்க்காரவ வருதாவ. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அவிகளாத்தான் கேட்டாவ. பையனோட அம்மா, தாய்மாமன், பையன்."

"ஆடியிலேருந்து வராதவிய இப்ப என்ன திடீர்னு?" என்றாள் கிருபாவதி.

"அது என்னமோ தெரியல. அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிப்போச்சுன்னு பையன்கிட்டப் பேச்சுவாக்குல சொன்னேன். மறுநாளே சரின்னுட்டான்."

அதன் பொருள் அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை.

நான்காம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் மருத்துவர் ரிஸானா மீண்டும் தொண்டையைப் பார்த்தார். "அருமையா ஆறியிருக்கு, அண்ணாச்சி! நாளையிலேருந்து கொஞ்சங் கொஞ்சமாப் பேசலாம்" என்றார். ஊரில் வேறெந்த நோயாளியின் குடும்பமும் இவ்வளவு நல்ல செய்தியை இவ்வளவு கலக்கத்தோடு கேட்டிராது. கிருபாவதி, "நாளைக்கே பேசணுமா டாக்டரம்மா?" என்றாள்.

ஞாயிறு மாலை. விருந்தினர் வரும் நேரம். ஞானாபரணம் கொல்லைப்புறக் குளியலறைக்குள் போனார். கதவைத் தாழிட்டுக்கொண்டு, இறைவனுக்கு நன்றியாக ஒரு கீர்த்தனையின் முதலடியை மெல்ல எடுத்துப் பார்த்தார். எடுத்தது மெல்லத்தான், ஆனால் பல வாரம் ஓய்ந்த குரல் உழுது போட்ட நிலம்போல் புதிதாக எழுந்தது. அனுபல்லவியில் ஓட்டுக்கூரையின் புறாக்கள் பறந்தன.

வெளியே வந்தபோது வாசற்படியில் பெனிட்டா நின்றாள். அவள் கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவே. அந்தப் பார்வையில் பாளையங்கோட்டையும் இருந்தது. இரண்டு தரமும் இருந்தன. ஞானாபரணம் சிலேட்டை எடுத்தார். 'பேசமாட்டேன்' என்று எழுதினார். பலகையில் முதன்முறையாக இடம் மிஞ்சியது.

வந்தார்கள். ஆசீரின் தாய் நவமணி ஒடிசலான பெண்மணி. தாய்மாமன் சத்தியநேசன் கனத்த மனிதர். அவருடைய பேச்சு அவருக்கு முன்னால் படியேறியது. ஆசீர் ஞானாபரணத்தின் தோளளவே இருந்தான். அவனுக்குப் பேச்சு திக்கும். சொல் தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவே எங்கோ நின்றுவிடும். அதை அவன் பதறாமல் காத்திருந்து அழைத்துவர வேண்டும். காத்திருக்கத்தான் எவரும் விடுவதில்லை.

"தம்பிக்குக் காபியா, டீயா?" என்றாள் கிருபாவதி.

"எனக்கு…" என்றான் ஆசீர்.

"காபி!" என்றார் சத்தியநேசன்.

வந்த காபியை ஆசீர் தேநீர் பிரியர்கள் பார்க்கும் பார்வையோடு பார்த்தான். வேலையைப் பற்றிக் கேட்டபோதும் மாமனே விடை சொன்னார். படித்த கல்லூரியையும் மாமனே சொன்னார். ஆசீர் வாயைத் திறப்பதும் மாமன் அதை முடித்துவைப்பதுமாகச் சற்றுநேரம் போயிற்று. ஞானாபரணம் அசையாமல் அமர்ந்திருந்தார். பூக்கொண்டு வந்த சாக்கில் கதவோரம் நின்ற மாரிக்கண்ணன், அண்ணாச்சி மூச்சு விடுகிறாரா என்று இருமுறை எட்டிப் பார்த்தான்.

"நீங்களா ஏதும் சொல்லணுமா, தம்பி?" என்று கிருபாவதி நேராக அவனைப் பார்த்துக் கேட்டாள்.

ஆசீர் நிமிர்ந்தான். "எனக்கு… ஒண்ணே ஒண்ணு… வேணும்." அங்கே சொல் நின்றது.

சத்தியநேசன் வாயெடுத்தார். ஆசீர் கையுயர்த்தித் தடுத்தான். அறையில் மழையின் ஓசை மட்டும் இருந்தது.

ஞானாபரணத்தின் நெஞ்சுக்குள் இடி இடித்தது. ஒன்று வேண்டுமாம்! என்ன ஒன்று? கார்தான். வேறென்ன? கல்யாணப் பேச்சில் ஒன்று வேண்டும் என்பவன் வேறெதைக் கேட்பான்? வரதட்சணையின் தீமையைக் குறித்து ஓர் உரை அவருக்குள் தானாகவே உருவாயிற்று. முன்னுரையும் உட்பிரிவுகளும் முடிவுரையும் கூடி, ஆறித் தேறிய தொண்டைவரை அது ஏறி வந்தது. உதடு பிரிந்தது. தாயின் தோளுக்குப் பின்னிருந்து பெனிட்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை நீண்டது. தட்டிலிருந்த பொரிவிளங்காயில் பெரியதொன்றை எடுத்தது. முழுசாக வாய்க்குள் திணித்தது.

உரை தடைப்பட்டது. கன்னம் புடைத்தது. நாக்குக்கு அசைய இடமில்லை. கல்லறை வாயிலில் புரட்டிவைத்த கல்போல் அது உள்ளே நிலைபெற்றது.

ஆசீருக்குச் சொல் வந்தது. "நான் பேசும்போது… முடிக்கிற வரைக்கும்… காத்திருக்கணும். வார்த்தையை… எடுத்துக் குடுக்கக் கூடாது. அதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

மழை சற்றே வலுத்தது. பெனிட்டா தாயின் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"நான் ஆஸ்பத்திரியில மருந்து கவுண்டர்ல நிக்கேன். ஒவ்வொருத்தரும் வீட்டுச் சண்டை முழுக்கச் சொல்லி முடிச்சுட்டுத்தான் சர்க்கரை மாத்திரையை வாங்குவாவ. நடுவுல ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். காத்திருக்கது எனக்குப் பழக்கம்தான்."

ஆசீர் சிரித்தான். அந்தச் சிரிப்பு திக்கவில்லை.

நவமணியின் பார்வை ஞானாபரணத்தின் பக்கம் திரும்பியது. "அண்ணாச்சி எப்பவும் இப்படித்தானா? வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. எவ்வளவு அடக்கம்!"

கதவோரத்தில் மாரிக்கண்ணனுக்குக் காபி புரையேறியது.

"இந்த அட்வெந்துக் காலம் முழுக்கவே இவிய ஒரு வார்த்தை பேசல" என்றாள் கிருபாவதி. அதில் பொய் இல்லை.

"லெந்து நோன்புக்குக் கறியை விட்டவியளைப் பாத்திருக்கேன். அட்வெந்துக்குப் பேச்சை விட்டவியளை இப்பத்தான் பாக்கேன்" என்று நவமணி கைகூப்பினாள்.

ஞானாபரணத்துக்கு வியர்த்தது. பெனிட்டாவின் முகமும் மாறிற்று. அவள் ஒருகணம் தரையைப் பார்த்தாள்; பிறகு நிமிர்ந்து, "இல்ல, அத்தை" என்றாள். "அப்பா பேசுவாவ. ரொம்பப் பேசுவாவ. தொண்டை கெட்டுப்போயி டாக்டர் வாயைக் கட்டிட்டாவ. அதுதான் நிசம். மறைச்சுவச்சு நடக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம்."

கிருபாவதி கண்ணை மூடிக்கொண்டாள். கைக்கு வந்தது போயிற்று என்றே எல்லோரும் எண்ணினர்.

"தெரியும்" என்றான் ஆசீர். பின்னர் அவன் சொன்னதை நின்று நின்றுதான் சொன்னான். அனைவரும் காத்திருந்து கேட்டனர், சத்தியநேசனும் கேட்டார்.

"விவசாயிங்களோட பூச்சந்தைக்கு வருவேன். இந்த மாமா சத்தத்தை அங்க கேட்டிருக்கேன். அதைக் கேட்டுத்தான் ஆடியிலேருந்து வராமலே இருந்தேன். இவ்வளவு பேசுறவிய வீட்டுல நான் எப்பப் பேசி முடிக்கன்னு பயம். தொண்டை கட்டிப்போச்சுன்னு மாரிக்கண்ணன் அண்ணாச்சி சொன்னாவ. சரி, போனா இப்பத்தான் போகணும்னு வந்தேன்."

மாரிக்கண்ணன் தலையைச் சொறிந்தான்.

"ஆனா இப்ப ஆட்டோ தெருவுல திரும்பும்போதே மாமா பாட்டு கேட்டுச்சு. நல்ல சத்தம். திரும்பிப் போயிருவோமான்னு பாத்தேன். பாடுறது யாருன்னு அம்மாவுக்குத் தெரியாது, விடல." அவன் ஞானாபரணத்தை நேராக நோக்கினான். "தொண்டை சரியாயிட்டு. பேச முடியும். நான் திக்கி நின்னப்ப உங்க வாய்க்கு வார்த்தை வந்ததையும் பாத்தேன், மாமா. ஆனா நீங்க எடுத்துக் குடுக்கல."

ஞானாபரணத்தின் கண்களில் நீர் திரண்டது. அதில் கிருபையின் பங்கு எவ்வளவு, பொரிவிளங்காயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இறையியலாருக்கும் பல் மருத்துவருக்கும் எளிதன்று.

அவர் உள்ளத்தில் ஒரு கதவு ஓசையின்றித் திறந்தது. இத்தனை வாரமும் எதைத் திருப்பித் தரும்படி அவர் முறையிட்டுக்கொண்டிருந்தாரோ, அது உடனே திரும்பியிருந்தால் இந்தப் பிள்ளை வாசலுக்கு வந்திருக்கமாட்டான். அவர் வரைந்து கொடுத்த திட்டத்தை நினைத்துப் பார்த்தார். உயரம் பொருந்தவில்லை. பாட்டு பொருந்துமா என்று தெரியவில்லை. அரசு உத்தியோகமும், மேலநீலிதநல்லூருக்கு ஒரே பேருந்து என்பதும் பொருந்தின. ஆண்டவர் அந்த இரண்டை மட்டும் அவருடைய மனம் வாடாமல் இருப்பதற்காகச் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

"பிள்ளைகளுக்குச் சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்" என்றாள் நவமணி. சத்தியநேசன் ஏதோ சேர்க்க வாயெடுத்து, தாமாகவே நிறுத்திக்கொண்டார். கிருபாவதி அவருக்கு ஒரு பொரிவிளங்காய் கொடுத்தாள். ஆசீருக்குக் கேளாமலே தேநீர் வந்தது, பெனிட்டா போட்டது.

விடைபெறுமுன் வீட்டுக்காரர் ஜெபிக்க வேண்டும், அது வழக்கம். அனைவரும் எழுந்து ஞானாபரணத்தைப் பார்த்தனர். அவர் வாய் இப்போது காலியாக இருந்தது. கிருபாவதி கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நீண்ட பயணத்துக்கு ஆயத்தமாவதுபோல் முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டாள். மாரிக்கண்ணன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான்.

மேசையில், சவுக்குத் தழையை வளைத்து பெனிட்டா செய்திருந்த வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் இருந்தன. மூன்று எரிந்தன. முதலாவது, நம்பிக்கைக்குரியது, எல்லாவற்றினும் குட்டையாகி, சாரற்காற்றில் அணைந்திருந்தது. ஞானாபரணம் தீக்குச்சியைக் கிழித்து, கையால் காற்றை மறைத்து, அதைத் திரும்ப ஏற்றினார். சுடர் தயங்கி, பிறகு நிலைத்தது. அவர் அதன்முன் முழங்காற்படியிட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவேண்டியவை என்று அவரிடம் எதுவும் இல்லை. மழை மட்டும் ஓட்டின்மேல் பேசிக்கொண்டிருந்தது, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கிருபாவதி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பின்பு அதையும் மூடிக்கொண்டாள்.

நெடுநேரத்துக்குப் பின் அவர் எழுந்தார். ஒரு கையை மகளின் தலைமேலும், மறு கையை ஆசீரின் தலைமேலும் வைத்தார். முதல் ஞாயிற்றில் அடைபட்ட வாய் திறந்தது. தெருமுனைவரை எட்டும் குரல் அந்த அறையைத் தாண்டவில்லை.

"வருகிறவர் உங்கள் வாசலுக்கு வருவாராக. அவர் தாமதிப்பதாகத் தோன்றும் நாட்களில், ஒருவர் சொல்லுக்கு ஒருவர் காத்திருக்கும் பொறுமையை உங்களுக்குத் தருவாராக. நீங்கள் கேட்டதினும் நல்லதை, நீங்கள் நினையாத வழியில், தமது வேளையில் உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக. ஆமென்."